சுவருக்கு அந்தப் பக்கம்

அன்பு என்ற வார்த்தையைக் கொஞ்ச நாளைக்கு என் எதிரில் யாரும் சொல்லாதீர்கள். கேட்டால் வயிறு எரிகிறது. பக்கத்தில் இருப்பவனைத் தன்னைப் போலவே நினைத்து நடக்க வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறீர்கள். மொத்த வேதமும் இதில் அடங்கிவிட்டது என்று பிரசங்கத்தில் சொல்கிறீர்கள். பூசை முடிகிறது. வெளியே வருகிறீர்கள். எங்கள் தெரு வருகிற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறீர்கள். எங்களையும் உங்களையும் தவிர ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? பக்கத்தில் இருப்பவன் என்று வேதம் சொன்னது யாரை? அமெரிக்காவில் இருப்பவனையா?

நான் ஐயம்பேட்டைக் காலனியில் பிறந்தவள். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில், முத்தியால்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற ஐயம்பேட்டை. பட்டு உடுத்துகிற எல்லாருக்கும் எங்கள் ஊரின் வேலை தெரியும், பெயர் தெரியாது. புடவை காஞ்சிபுரம் என்ற பெயரில்தானே போகிறது. அப்பா கூலிக்கு நெய்தார். முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். அந்தக் கடனுக்கு என் கையும் சேர்ந்து உழைத்தது. கோர்வைப் புடவை நெய்ய ஒரு ஆள் போதாது. ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா போட இன்னொரு கை வேண்டும். அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் பிள்ளைகளின் கைதான். பள்ளிக்கூட மணி அடிக்கும்போது நான் தறியில் இருப்பேன். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. 2003-ல்கூட மனித உரிமை அமைப்பு ஒன்று காஞ்சிபுரம் பட்டுத்தறிகளில் அடகு கிடக்கிற பிள்ளைகளைப் பற்றி அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். முதலாளி எங்களை நேசிப்பதாக ஒரு நாளும் சொன்னதில்லை. அவரிடம் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் ஏமாந்தேன் என்ற எண்ணம் இல்லை. என்னை ஏமாற்றியவர்கள், என்னைச் சகோதரி என்று கூப்பிட்டவர்கள்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே வேதக்காரர்கள். ஸ்காட்லாந்து மிஷன் வழி வந்தவர்கள். அப்பாவுக்குப் படிப்பு குறைவு, ஆனால் தறியில் உட்கார்ந்தபடியே பைபிள் கதை சொல்வார். அவருக்கு ரொம்பப் பிடித்தது அந்தச் சமாரியன் கதை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கோயில் ஆட்கள் பார்த்தும் பாராமல் தாண்டிப் போனார்கள். யாரை எல்லாரும் தாழ்ந்தவன் என்று ஒதுக்கினார்களோ அவன் நின்றான், தூக்கினான், காயத்தில் எண்ணெய் விட்டுக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்துப் பணமும் கட்டினான். அந்தக் கதையில் நாம்தான் சமாரியன் என்பார் அப்பா. நமக்கு ஒரு பெருமை கொடுத்த புத்தகம் இதுதாம்மா என்பார். அதை நம்பித்தான் வளர்ந்தேன்.

மாதா கோயில்காரர்கள் வீட்டில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். தெற்கே, வேறு மாவட்டம். ஊர்ப் பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அந்த ஒரு ஊரை மட்டும் திட்டிவிட்டு மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். பெரிய கோயில், பழைய கோயில். கல்யாணமாகிப் போன முதல் ஞாயிறு, புதுப்பெண் என்று பட்டுக் கட்டிக்கொண்டு போய் நடுப்பத்தியில் உட்கார்ந்தேன். மாமியார் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார். "இங்க இல்லம்மா, நம்ம பக்கம் அது." நம்ம பக்கம்! கர்த்தர் வீட்டில் நம்ம பக்கம், அவங்க பக்கம். வெள்ளைக் கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. தடுப்பு இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது, குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. திருவிழா வரி எங்களிடம் வாங்கமாட்டார்கள். கேட்கிறவர்களுக்கு இது சலுகை மாதிரித் தோன்றும். இல்லை சாமி. வரி கொடுத்தவனுக்குத்தான் தேரில் உரிமை. வரி வாங்கிவிட்டால் தேர் எங்கள் தெருவுக்கும் வர வேண்டும், வடத்தில் நாங்களும் கை வைக்க வேண்டும், ஒரு நாள் பூசைக்கு எங்கள் பெயரையும் வாசிக்க வேண்டும். அதனால் எங்கள் காசு வேண்டாம். பணத்தைக்கூட வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு எங்கள் மேல் வெறுப்பு. அன்பியம் என்று தெருத்தெருவாகக் கூடி ஜெபிக்கிற குழுக்கள் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவுக்குத் தனி அன்பியம். அவர்கள் வீட்டில் நடக்கிற ஜெபத்துக்கு எங்களைக் கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததில்லை.

என் வீட்டுக்காரர் கொத்தனார். கோயில் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தவர், பூச்சு உதிர்ந்தால் ஏறிப் பூசியவர், திருவிழாவுக்கு உச்சியில் சீரியல் லைட் கட்டியவர் எல்லாம் அவர்தான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சிலுவைக்கு மேலே ஏறி நிற்கலாம். கீழே வந்து தேரைத் தொடக்கூடாது. கோபுரத்துக்கு அவர் கை ஆகும், தேருக்கு ஆகாது. இது எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது?

ஒரு வருஷம் மாதாவுக்குச் சாத்தக் காஞ்சிபுரம் பட்டு வாங்கி வந்தார்கள். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை, கோர்வை. பெண்களெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நான் கரையை உற்றுப் பார்த்தேன். கரையும் உடலும் சேருகிற இடத்தைப் பார்த்தால் அது கையால் கோத்ததா இல்லையா என்று எனக்குத் தெரியும். அதைக் கோத்தது யாரோ ஒரு எங்கள் பிள்ளையாக இருக்கலாம். ஐயம்பேட்டையிலேயே நெய்ததாகவும் இருக்கலாம். எங்கள் கை பட்ட பட்டு மாதா தோளில் ஏறுகிறது. மாதா சுரூபத்தைத் தோளில் சுமக்க எங்கள் ஆண்களுக்குத் தகுதி இல்லை. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். "பொழப்பு இங்கதானே, விடு" என்றார்.

அவர் செத்தது ஒரு ஆடி மாதம். சாரத்தில் நிற்கும்போதே நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. உடம்பை வீட்டில் கிடத்திவிட்டு, துக்க மணி அடிக்கச் சொல்லி என் மைத்துனர் கோயிலுக்கு ஓடினார். எங்கள் தெருச் சாவுக்குப் பெரிய மணி அடிக்கிற வழக்கம் இல்லை என்று கோயில்பிள்ளை சொல்லி அனுப்பிவிட்டார். அந்த மணி தொங்குகிற கூண்டுக்குப் பூச்சு பூசியவர் என் புருஷன். சவ வண்டி கேட்டோம். பங்கில் வண்டி இருக்கிறது, எல்லாருக்கும் பொது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ரிப்பேர் என்றார்கள். ரெண்டு நாள் கழித்து அதே வண்டியில் அவர்கள் தெருப் பாட்டி ஒருத்தி மாலையோடு போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பெரிய தெரு வழியாகப் போனால் கல்லறை பக்கம். எங்கள் சவம் அந்த வழியாகப் போகக்கூடாது. வயல் வரப்பில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனோம். மழை பெய்து வரப்பு வழுக்கியது. தூக்கிய பையன் ஒருவன் சறுக்கி விழுந்தான். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. அய்யோ, அந்தச் சத்தம்! அவர் உள்ளே புரண்டார். செத்த பிறகும் மனுஷனை நிமிர்ந்து போக விடமாட்டீர்களா?

கல்லறையின் நடுவே சுவர். ஆள் உயரம். அந்தப் பக்கம் சலவைக்கல், சிலுவை, பூச்செடி. இந்தப் பக்கம் கருவேல முள். வாசல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, எங்களுக்குப் பின்னால் ஒரு சந்து. என் புருஷனை அந்தச் சந்து வழியாகக் கொண்டுபோய்ப் புதைத்தேன். ஃபாதர் வந்தார். மந்திரம் சொன்னார், தீர்த்தம் தெளித்தார், உயிர்ப்பு நாளில் எல்லாரும் ஒன்றாக எழுவோம் என்றார். ஒன்றாக எழுவோமாம். எழுந்து சுவர் ஏறிக் குதித்து வர வேண்டுமா ஃபாதர்?

அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். சின்ன வயசு, மரியாதையாகப் பேசுகிறவர். காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்டேன். உட்காரச் சொன்னார். "புரியுதும்மா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஒரேயடியா கை வெச்சா ஊர் ரெண்டாப் போயிடும். மெதுமெதுவா மாத்துவோம்" என்றார். ஊர் ரெண்டாகப் போய்விடுமாம்! ஃபாதர், கல்லறை ரெண்டு, தெரு ரெண்டு, மணி ரெண்டு, வழி ரெண்டு. இதற்கு மேல் எது ரெண்டாகப் போகும்? இன்னும் எத்தனை பேரை வரப்பு வழியாகத் தூக்கிக்கொண்டு போன பிறகு மெதுவாக மாற்றுவீர்கள்? உங்கள் மெதுவுக்கு எங்கள் பிணங்கள்தான் வாடகையா?

இன்னொன்று. மூன்றாம் நாள் ராத்திரி, ஊர் அடங்கிய பிறகு, கொல்லைப்பக்கக் கதவைத் தட்டினார்கள். மேலத்தெரு அக்கா ஒருத்தி. மரியாயின் சேனையில் என்னோடு சேர்ந்து ஜெபமாலை சொன்னவள். தூக்குச் சட்டியில் சோறும் குழம்பும் கொண்டு வந்திருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "பகல்ல வர முடியலடி, எங்க வீட்ல கொன்னுடுவாங்க" என்றாள். அந்தச் சோற்றைத் தின்றேன். அவள் அழுகை பொய் இல்லை. ஆனால் இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன், இருட்டில் வந்து இருட்டிலேயே போய்விட்ட அந்த அன்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவள் பகலில் வந்திருந்தால், ஒரே ஒரு நாள், பெரிய தெருவில் எங்கள் பெட்டிக்குப் பின்னால் நடந்திருந்தால்? அடி வாங்கியிருப்பாள். இயேசு வாங்கவில்லையா? சமாரியன் அந்தக் காட்டு வழியில் பயமில்லாமலா நின்றான்? அடித்துப் போட்ட கள்ளர்கள் அங்கேயேதானே எங்காவது ஒளிந்திருப்பார்கள்?

எங்கோ ஒரு ஊரில் நடந்தது என்று தள்ளிவிடாதீர்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையின் நடுவே நின்ற சுவரைப் பற்றி நாடே பேசியது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-ல் கோயில் கட்டும்போதே சாதிக்கு ஒன்றாக இரண்டு நீள மண்டபம் வைத்துக் கட்டினார்கள். பீடம் மட்டும் ஒன்று, நடுவில் சுவர். அன்று அது வெள்ளாளருக்கும் நாடாருக்கும் நடுவே நின்ற சுவர். 1910-ல் கௌசானல் சாமியார் அதை இடித்தார். இடித்ததற்காக வெள்ளாளர் வழக்குப் போட்டார்கள், வழக்கில் தோற்றார்கள். அந்தச் சாமியார் மெதுவாக மாற்றுவோம் என்று காத்திருக்கவில்லை. நூறு வருஷம் தாண்டிவிட்டது. ஒரு சாமியாரால் அன்றைக்கு முடிந்தது, இத்தனை ஆயர்களாலும் இன்றைக்கு ஏன் முடியவில்லை?

எறையூரை நினைத்துப் பாருங்கள். 2008 மார்ச் 9. எங்கள் மக்கள் தங்கள் கோயிலைத் தனிப் பங்காக்கிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சேர்த்துக்கொள்ளமாட்டோம் என்றால் தனியாகவாவது விடுங்கள் என்றுதான் கேட்டார்கள். அதுவும் பொறுக்கவில்லை. எங்கள் தெருவுக்குள் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். போலீஸ் சுட்டது. செத்த இரண்டு பேரும் எங்கள் ஆட்கள் இல்லை, அவர்கள் பக்கத்து ஆட்கள். அவர்களும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். அவர்களைப் பெற்ற வயிறும் எரிந்திருக்கும், அதை நினைத்து நானும் அழுதிருக்கிறேன். யாருக்காகச் செத்தார்கள் அந்தப் பிள்ளைகள்? பக்கத்தில் இருப்பவன் தன்னோடு சமமாக நின்றுவிடக்கூடாது என்பதற்காகவா ஒரு கிறிஸ்தவன் உயிரைக் கொடுப்பது? அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார்? சொல்லிக் கொடுக்காமல் விட்டது யார்?

மேலிடத்துக்குத் தெரியாது என்று சொல்லாதீர்கள். 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமுக்குப் போனபோது, சாதி பார்க்கிற பழக்கம் திருச்சபையின் பணியையே கெடுக்கிறது என்று போப் இரண்டாம் ஜான் பால் நேரிலேயே எச்சரித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று அதில் ஒத்துக்கொண்டார்கள். 2022-ல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார், எங்கள் மக்களில் முதல் கர்தினால். அன்றைக்கு எங்கள் தெருவில் சர்க்கரை கொடுத்தோம். வருஷத்துக்கு ஒரு ஞாயிறு எங்கள் விடுதலைக்காகவென்றே ஒதுக்கி, மன்றாட்டு எழுதி வாசிக்கிறார்கள். வாசிக்கிறவர் வாசிக்கிறார், அந்தப் பத்தி அந்தப் பத்தியாகவே இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. கல்லறையில் சுவர் இருக்கிறது.

இப்போது என் மகளின் கதை. என் வீட்டுக்காரர் போன பிறகு அந்த ஊரில் இருக்கப் பிடிக்கவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஐயம்பேட்டைக்கே வந்துவிட்டேன். பழையபடி தறி. அவளைத் தறிக்குழியில் இறங்கவிடாமல் படிக்க வைத்தேன். பிளஸ் டூ முடித்தாள். காலேஜுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். கிறிஸ்தவ ஆதிதிராவிடர், அதனால் பிற்படுத்தப்பட்டோர் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதே காலனியில், எங்கள் வீட்டுச் சுவரைப் பகிர்ந்துகொண்டிருக்கிற வீட்டில், என் சித்தப்பா மகளின் பிள்ளைக்கு எஸ்.சி. அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஒரே ரத்தம், ஒரே காலனி, ஒரே தெருக்குழாய். ஊருக்குள் போனால் இரண்டு பேரையும் ஒரே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். படிப்புக்கு உதவித்தொகை என் மகளுக்கும் கிடைத்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் எஸ்.சி. இட ஒதுக்கீடு இல்லை. பஞ்சாயத்தில் தனித்தொகுதி என்றால் எங்களுக்கு இல்லை. யாராவது சாதி சொல்லி அடித்தால்கூட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எங்களுக்காகப் பேசாது.

எல்லாம் 1950 ஆகஸ்ட் 10 அன்று டெல்லியில் போட்ட ஒரு உத்தரவால். இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956-ல் சீக்கியருக்குத் திறந்தார்கள், 1990-ல் பௌத்தருக்குத் திறந்தார்கள். எங்களுக்குத் திறக்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். பக்கத்தில் உட்கார்ந்து அதே தொழில் செய்த இந்து ஆதிதிராவிடர்களுக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது, கிறிஸ்தவர் என்பதால் இவருக்கு இல்லை. 1985-ல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவுக்குத் தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று அவருடைய வழக்கைத் தள்ளிவிட்டார்கள். 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் எங்களுக்கும் தரலாம் என்றது. 2022-ல் பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடி ஒரு ஆணையம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் எங்களுக்காகத் தீர்மானம் போட்டது. எல்லாம் டெல்லி வாசலில் நிற்கிறது.

ஆதாரம் இல்லையாம். அய்யா, என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் காட்டியிருப்பேனே! அந்தச் சந்தைக் காட்டியிருப்பேன். அந்த வரப்பைக் காட்டியிருப்பேன்.

ஆகஸ்ட் 10 வந்தால் ஆயர்களும் சாமியார்களும் கன்னியாஸ்திரிகளும் கருப்புத் துணி கட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். நானும் போயிருக்கிறேன். வெயிலில் நின்று கோஷம் போட்டிருக்கிறேன். கிறிஸ்தவரான பிறகும் எங்கள் மக்கள் தீண்டாமையால் வதைபடுகிறார்கள், எங்களுக்கும் உரிமை கொடு என்று மைக்கில் பேசினார்கள். கேட்டுக்கொண்டே நின்ற எனக்குத் திடீரென்று மூச்சு முட்டியது. வதைப்பது யார் என்று அந்த மைக்கில் ஒருவரும் சொல்லவில்லையே! டெல்லிக்குப் போய் எங்கள் காயத்தைத் திறந்து காட்டி நியாயம் கேட்கிறீர்கள். ஊருக்குத் திரும்பி வந்து அதே காயத்தை யார் போட்டார்களோ அவர்களிடம் திருவிழா வரி வாங்குகிறீர்கள். அரசாங்கத்திடம் எங்களுக்காகப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்தச் சட்டம் மாறித்தான் ஆக வேண்டும். ஆனால் சட்டத்தை மாற்றப் பாராளுமன்றம் வேண்டும். கல்லறைச் சுவரை இடிக்க என்ன வேண்டும்? யார் கையெழுத்து வேண்டும்? எந்த நீதிமன்றம் உங்கள் கையைப் பிடித்துத் தடுக்கிறது? அந்தக் கல்லறை நிலம் யார் பெயரில் இருக்கிறது? அந்தப் பெரிய மணியின் கயிறு யார் கையில் இருக்கிறது?

முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் மாவட்டத்துக் கதையே இருக்கிறது. காஞ்சிபுரத்தில் ஆண்டர்சன் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அந்த ஜான் ஆண்டர்சன் சென்னையில் நடத்திய பள்ளியில் 1838-ல் எங்கள் சாதிப் பையன்களைச் சேர்த்தார் என்று பெரிய கலவரம். அவர்களை வெளியே அனுப்பு, இல்லையென்றால் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்றார்கள் மேல்சாதிக்காரர்கள். அனுப்பமாட்டேன் என்றார். கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். போனால் போகட்டும் என்று இருந்தார். பள்ளிக்கூடம் ரெண்டாகப் போய்விடும் என்று அவர் பயப்படவில்லை. செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் வில்லியம் கௌடி, இரண்டு பேரும் போதகர்கள், எங்களுக்கு நிலம் வேண்டும் என்று அரசாங்கத்தின் கதவைத் தட்டித் தட்டி எழுதினார்கள். கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கள் மக்கள் பட்ட பாட்டை அறிக்கையாக எழுதினார். 1892-ல் எங்களுக்கென்று பஞ்சமி நிலம் வந்தது. எங்கேயோ கடல் தாண்டிப் பிறந்தவர்கள், எங்கள் பாஷை தெரியாமல் வந்தவர்கள், எங்கள் பாட்டன் முதுகைப் பார்த்துப் பதறினார்கள். அதற்குப் பெயர் என்ன? அந்த நிலத்தையும் பிறகு பிடுங்கிக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று இதே செங்கல்பட்டில், காரணைப் போராட்டத்தில், ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டில் செத்தார்கள். ஒரு ஜான், ஒரு ஏழுமலை. குண்டு மதம் பார்க்கவில்லை. அந்த 1950 உத்தரவு மட்டும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

சிலர் என்னிடம் கேட்கிறார்கள், இவ்வளவு அவமானப்பட்டுக்கொண்டு ஏன் அங்கே இருக்கிறாய், வெளியே வந்துவிடு என்று. நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். நான் ஏன் வர வேண்டும்? தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பான்மை நாங்கள். அந்தக் கோபுரம் என் புருஷன் கை பூசிய கோபுரம். அந்தச் சமாரியன் கதை என் அப்பா எனக்குத் தறியில் கொடுத்த சொத்து. சீஷர்களின் காலைக் கழுவிய மனுஷன் எங்கள் மனுஷன். பெரிய வியாழன் அன்று பன்னிரண்டு பேரை உட்கார வைத்துக் கால் கழுவுகிறீர்களே, எங்கள் தெருக் காலை எத்தனை வருஷம் கழுவியிருக்கிறீர்கள்? அந்தச் சடங்கு உங்களுடையது. வேதம் என்னுடையதும்தான். வீட்டுக்காரி வீட்டைவிட்டு ஏன் போக வேண்டும்?

எனக்கு உங்கள் இரக்கம் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் காலனிக்கு வந்து புடவையும் பாலிதீன் பையில் கேக்கும் கொடுத்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள், நெய்கிறவளுக்கு நூல் புடவை. அதை யார் கேட்டது? என் வீட்டில் உட்காருங்கள். நான் கொடுக்கிற காபியைக் குடியுங்கள். எங்கள் வரியை வாங்குங்கள். என் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று உங்கள் பையன் வந்து சொன்னால் அரிவாளைத் தேடாதீர்கள். எங்கள் வீட்டுச் சாவுக்குப் பகலில் வாருங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன். இதற்கு மேல் எந்த அன்பும் எனக்கு வேண்டாம். இது முடியாது என்றால் ஞானோபதேசப் புத்தகத்திலிருந்து அந்தப் பாடத்தைக் கிழித்துவிடுங்கள். பிள்ளைகளாவது பொய் மனப்பாடம் செய்யாமல் இருக்கட்டும்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஒவ்வொரு வருஷமும் பெரிய வாசல் வழியாக ஃபாதர் உள்ளே போய், சலவைக்கல் ஒவ்வொன்றாக மந்திரித்து, சுவர் வரைக்கும் வந்து, அங்கே நின்று, இந்தப் பக்கத்துக்கு மொத்தமாக ஒரு கை தீர்த்தம் தெளித்துவிட்டுத் திரும்புவார். பின் சந்தில் மெழுகுவர்த்தியோடு நாங்கள் காத்துக்கொண்டிருப்போம். இந்த வருஷம் சந்தில் நிற்கப்போவதில்லை. ஐயம்பேட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து என் மகளோடு வருகிறேன். பெரிய தெரு வழியாக நடப்பேன். பெரிய வாசலில் நுழைவேன். என் புருஷனுக்கு வைக்கிற பூவை அந்தச் சுவர் மேல் வைத்துவிட்டு அங்கேயே உட்காருவேன். யார் வந்து என் கையைப் பிடித்து இழுப்பீர்கள்? நடுவில் வந்து நிற்கப் போவது யார்? ஃபாதர், நீங்கள் நிற்பீர்களா? அக்கா, தூக்குச் சட்டியோடு வந்தவளே, அன்றைக்காவது பகலில் வருவாயா?